ஆட்டுமலையில் எல்லை தாண்டியது யார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை, அதுவும் கோயில் வாசலில். மொரிஷியஸ் தீவில், ரோஸ் பெல் ஊரில், சனிக்கிழமை மாலைகளில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற தகரக் கொட்டகை, கோயிலை ஒட்டித்தான் இருக்கிறது. தையல்காரர் வேலாயுதமும் அவர் மனைவி அமிர்தமும் கடைசிப் பெண்ணை வகுப்புக்குக் கூட்டிவந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், மறைப்பானேன்.

"மிஸ், நீங்க கதை எழுதுவீங்களாமே," என்றார் வேலாயுதம். "எங்க கல்யாணத்தன்னைக்கு ஆட்டுமலையில என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. முப்பது வருஷமா இவ பொய் சொல்லிக்கிட்டிருக்கா."

"பா வ்ரே," என்றாள் அமிர்தம். உண்மையில்லை என்று அர்த்தம். "பொய் சொல்றது நீ."*

அந்த மலை முகட்டில் இருவரில் ஒருவர் அடி எடுத்து வைத்தார், மற்றவர் நின்ற இடத்திலேயே நின்றார். அது யார் என்பதுதான் சண்டை.

* இவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சு. தமிழ் கோயிலிலும், மாமா அத்தை என்கிற முறைகளிலும் மட்டும் மிச்சமிருக்கிறது. இங்கே வருகிற பேச்செல்லாம் நான் தமிழாக்கியது. நான் நாகப்பட்டினத்துக்காரி, என் முதல் படியில் அமிர்தம் கணவனை 'நீங்க' என்றாள். வாசித்துக் காட்டியபோது, "நான் எப்ப அவரை அப்படிக் கூப்பிட்டேன்?" என்று முறைத்தாள். ஆகவே 'நீ'.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்து என்ன லட்சணத்தில் நடக்கிறது என்று.

"மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த அந்த ஆவணிக் காலையில், மணப்பெண் ஒருத்தி" [நிறுத்திவிட்டேன். பனியில் தொடங்கினால் பெண்ணுக்குக் கொலுசு மாட்டி, கண்ணில் நீர் வரவழைத்து, கடைசியில் பாட்டுப் பாட வைத்துவிடுவேன். அமிர்தம் அழுகிற ஆள் இல்லை.]

"1937ஆம் ஆண்டு மொரிஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களில் தொழிலாளர் கொந்தளிப்பு" [இது பள்ளிக்கூடப் பாடம். இதற்குப் பரீட்சை வைக்கலாம், கதை வைக்க முடியாது.]

"மாப்பிள்ளைக்கு உயரம் என்றால் பயம்."

மூன்றாவதை எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மாப்பிள்ளைக்கு உயரம் என்றால் பயம். மலைக்குத் தெற்கே, ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ச் சந்தைக்கு எதிரே தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே பிழைத்தவன் வேலாயுதம். மாடிப்படி ஏறினால் கைப்பிடிச் சுவரை விட மாட்டான். (இப்போது 'அவர்', அப்போது 'அவன்'. இருபத்தைந்து வயசுப் பையனை 'அவர்' என்றால் கதை நொண்டும்.)

பெண் மலைக்கு அந்தப் பக்கம். வடக்கு அடிவாரத்தில் ஒரு கரும்புத் தோட்டம், அதன் தொழிலாளர் குடியிருப்பு, அதில் ஆறுமுகத்தின் மகள் அமிர்தம். மலைக்குப் பெயர் மோர்ன் காப்ரி. நம்மவர்கள் ஆட்டுமலை என்பார்கள். வரைபடத்தில் தேடாதீர்கள், பெயரை மாற்றிவிட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதே இல்லை.

அமிர்தத்துக்கு அந்த மலை அடுப்படி மாதிரி. விறகுக்கு ஏறுவாள், ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஏறுவாள், சின்னச் சிவப்புக் கொய்யா பழுக்கிற காலத்தில் கூடையோடு ஏறுவாள். மலைக்கு யார் தடம் போட்டது என்று கேட்டால், சர்வேயர் துரை என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். அதெல்லாம் சும்மா. தலையில் விறகுக் கட்டோடு அந்தப் பெண்கள் நடந்து நடந்துதான் அங்கே தடம் விழுந்தது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நான் அதில் ஒரு கட்டுக்கூடத் தூக்கியதில்லை, இருந்தாலும் பெருமைதான்.

ஆடி போய் ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அந்த மாதம் பார்த்தா தீவு முழுக்கக் கொதித்துக் கிடக்க வேண்டும்? கரும்புக்காரர்கள் கூலிக்காக வேலையை நிறுத்தினார்கள், துப்பாக்கி வெடித்தது, ஆட்கள் செத்தார்கள். மலையைச் சுற்றிப் போகிற ஒரே சாலையைப் போலீஸ் மறித்துவிட்டது. கும்பலாக யார் வந்தாலும் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் கும்பல்தானே. தாம்பாளத்தோடும் மேளத்தோடும் வந்தவர்களை அப்படியே திருப்பிவிட்டார்கள்.

பெண் வீட்டில் பந்தல் போட்டாயிற்று. பெண்ணுக்கு மஞ்சள் பூசிக் கையில் காப்பும் கட்டியாயிற்று. தாலி மாப்பிள்ளையிடம் இருக்கிறது. முகூர்த்தத்துக்குள் அது வராவிட்டால் என்ன ஆகும் என்பது, முதல் வரிசையில் இஸ்திரி போட்ட கோட்டோடு உட்கார்ந்திருந்தது. சர்தார் நாகலிங்கம், தோட்டத்து மேஸ்திரி, மனைவியை இழந்தவர், ஏற்கெனவே ஒருமுறை பெண் கேட்டு இல்லை என்று சொல்லப்பட்டவர். ஆறுமுகம் குடியிருந்த வீடு தோட்டத்து வீடு. இன்னொரு முறை இல்லை என்று சொல்ல அவருக்குத் தெம்பு கிடையாது. "மஞ்சள் பூசின பொண்ணை வெறும் கழுத்தோட உள்ள அனுப்பக் கூடாது, அதே பந்தல்ல முடிச்சிடலாம்" என்று யாரோ வாயைத் திறந்தார்கள். பெண் காதில் விழுந்தது.

[இங்கே நாகலிங்கத்துக்கு ஒரு முறுக்கு மீசையும் கோணல் சிரிப்பும் வைத்திருந்தேன். நல்ல வில்லன். அமிர்தம் கேட்டுவிட்டு, "அந்த ஆளு கெட்டவன் இல்ல மிஸ். எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன். பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம் என்று முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.]

4

முட்டைக்கோஸ் விற்கிறவன் ஒருத்தன் சாலைப் பக்கமிருந்து சேதி கொண்டுவந்தான். பெரியவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தாலியை எடுத்துக்கொண்டு, எட்மோன் என்கிற வண்டிக்கார சிநேகிதனோடு மலை வழியாக வருகிறேன் என்று ஏறிவிட்டானாம். பந்தலில் சிரித்தார்கள். தெற்குப் பக்கத்து ஆட்கள் யாரும் அந்த மலையில் ஏறியதில்லை.

அமிர்தம் சிரிக்கவில்லை. தெற்குச் சரிவில் மான் தடங்கள் அகலமாக, அழகாக இருக்கும். புது ஆள் அதைத்தான் பாதை என்று நம்புவான். மான் தண்ணீருக்குப் போகிற பிராணி. அந்தத் தடத்தைப் பிடித்தால் ஓடைப் பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். இது அவளுக்குத் தெரியும். பந்தலில் இருந்த ஆண்களுக்கும் தெரியும்தான். ஆனால் சர்தார் உட்கார்ந்திருக்கும்போது யார் எழுந்து போவார்கள்?

ஆனால் அவள் கையில் காப்பு இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் கல்யாணம் கெட்டது, ஊருக்கும் ஆகாது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டுக்கு வந்த பிறகுதான் கட்டுவார்கள், ஆகவே அவன் எங்கும் போகலாம், வரலாம். (இந்த விதியைச் செய்தது ஆணா பெண்ணா என்று நான் ஊகித்துவிட்டேன். அதைப் பேச ஆரம்பித்தால் கதை இங்கேயே நின்றுவிடும்.) அந்தக் குடியிருப்பின் மாரியம்மனுக்கு எல்லை, மலை முகடு. முகட்டில் குங்குமம் அப்பிய கருங்கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் அம்மன் காவல், அந்தப் பக்கம் யாருடையதோ.

"எல்லை வரைக்கும் போலாமில்ல?" என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்புறமாகக் கல்யாணச் சேலையோடு இறங்கி, கரும்புக்கு நடுவே ஓடி, மலை ஏறிவிட்டாள்.

தெற்கில் நடக்க வேண்டியது நடந்துகொண்டிருந்தது. மான் தடம், ஓடை, வழுக்குப் பாறை. எட்மோனின் கணுக்கால் பிசகிவிட்டது. "நீ போ, நான் இங்கேயே கிடக்கிறேன்," என்று அவன் தள்ளிவிட்டான். வேலாயுதம் தனியாக நின்றான். அப்போதுதான் மேலேயிருந்து புல் அறுக்கிற பெண்கள் கூப்பிடுகிற மாதிரி ஒரு நீண்ட கூவல் கேட்டது. கொய்யாப் புதருக்குள் முகத்தையும் கையையும் கிழித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைப் பிடித்து ஏறினான்.

முகட்டுக்குச் சற்றுக் கீழே மரம் செடி எல்லாம் முடிந்துவிடும். இரண்டு ஆள் உயரத்துக்கு மொட்டைப் பாறை, படி மாதிரி வெட்டு வெட்டாக. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் வெறும் காற்று, அதற்குக் கீழே எங்கேயோ கடல். அங்கே வந்ததும் அவனுக்குக் கை கால் ஓடவில்லை. தானே தைத்த கோட்டின் உள்பையில் தாலி. மேலே எல்லைக்கல் பக்கத்தில் பெண். நடுவில் பாறை.

இதுவரை இருவரும் சொல்வது ஒன்றுதான். இனிமேல்தான் தகராறு.

5

வேலாயுதம் சொல்கிறார்: "நான் அசையல மிஸ். அசைய முடியல. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, பாறையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவ கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கிட்டா. கல்லைத் தாண்டினா. தாண்டக் கூடாதுன்னு தெரிஞ்சே தாண்டினா. காப்புக் கட்டின கையை நீட்டி என் கையைப் பிடிச்சா, பிடிச்சு மேல கொண்டுவந்தா. எனக்காக ஒருத்தி சாமி போட்ட எல்லையைத் தாண்டினா. நான் சாகறதுக்குள்ள யாராவது இதை எழுத வேண்டாமா?"

அமிர்தம் சொல்கிறாள்: "நான் கல்லுக்கிட்டதான் நின்னேன். திட்டினேன், அது வேற. வாய்க்கு யாரும் எல்லை வைக்கலையே. இவர்தான் உதடெல்லாம் வெளுத்துப்போய், நடுங்கி நடுங்கி, ஒவ்வொரு படியா ஏறி வந்தார். ஊருல இவரை 'பொண்டாட்டி இழுத்துக்கிட்டு வந்த மாப்பிள்ளை'ன்னு இன்னைக்கும் சிரிக்கிறாங்க. சிரிக்கிறவன் எவனாவது அவ்வளவு பயத்தை வயித்துல வச்சுக்கிட்டு அந்தப் பாறையில ஏறுவானா?"

நான் நாற்பது வயசுக்கு எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன். எல்லாமே தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளச் சொன்ன பொய். அடுத்தவரைப் பெரிய ஆளாக்குவதற்கு முப்பது வருடம் அலுக்காமல் பொய் சொல்கிற ஒருத்தரை இப்போதுதான் பார்க்கிறேன். இருவரில் யார் அந்த ஒருத்தர் என்றுதான் தெரியவில்லை.

கொஞ்சம் சந்தேகப்பட்டும் பார்த்தேன். கோயில் திருவிழாவில் பெண்களுக்குக் காப்புக் கட்டிவிடுவது அமிர்தம்தான். அவளே எல்லை தாண்டியவள் என்று அச்சில் வந்தால் கோயில்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதற்குப் பயந்துதான் மறைக்கிறாளோ என்று கேட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"காப்புக் கட்ட விடாட்டி போகட்டும். அதுக்காகவா நான் பேசறேன்? இவருக்கு ஒரு மரியாதை வேணும்னு பேசறேன்."

கதைக்கு மிச்சம் இருப்பதில் தகராறே இல்லை. இருவரும் கொய்யா முள்ளும் சேறுமாகப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். [கொய்யாவுக்கு முள் கிடையாது என்று வாசித்தவுடனே அமிர்தம் சொல்லிவிட்டாள். கொய்யா இலையும் சேறுமாக.] பூசாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "எல்லை தாண்டினியா?" இருவரும் ஒரே நேரத்தில் "இல்லை" என்றார்கள். நாகலிங்கம் எழுந்து இடம் விட்டார். முகூர்த்தம் தவறவில்லை. தாலி ஏறியது. ஆட்களை அனுப்பி எட்மோனைத் தூக்கிவந்து, முதல் இலையில் உட்காரவைத்தார்கள்.

6

சாட்சி வேண்டுமென்று ரிவியேர் தே ஸாங்கீய்க்குப் பஸ் ஏறினேன். எட்மோன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. மீன் கடை வைத்திருக்கிறார். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மதாம், நான் ஓடையில மல்லாந்து கிடந்தேன். கண்ணுக்கு மரம்தான் தெரிஞ்சுது. மேல ரெண்டு பேரும் திட்டிக்கிற சத்தம் கேட்டுச்சு."

"ரெண்டு பேருமா? அவரும் திட்டினாரா?"

"வுயி, ஆமா, நல்லாவே திட்டினான். 'வராதே, அங்கேயே நில்லு'ன்னு கத்தினான். அப்புறம் சத்தமே இல்ல. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

'வராதே' என்றாராம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வராதே என்று சொன்னால் அவள் வந்துகொண்டிருந்தாள் என்றுதானே அர்த்தம்? அல்லது வந்துவிடப் போகிறாளே என்கிற பதற்றத்தில், எதற்கும் ஏறாதவன் ஏறிவிட்டானா? வழக்கு தீரும் என்று போனேன். இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு வக்கீல் கிடைத்ததுதான் மிச்சம்.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அவள் தாண்டினாள். பூசாரி கண்டுபிடிக்கிறார், ஊர் இரண்டுபடுகிறது, [வேண்டாம். அழகான ஒரு செயலுக்குத் தண்டனை கொடுத்தால்தான் கதை என்று யார் சொன்னது?]

அவன் ஏறினான். அன்றோடு பயம் போய்விட்டது. [பொய். போன வாரம் கூரையில் ஒழுகுகிற தகரத்தை மாற்ற அமிர்தம்தான் ஏணியில் நின்றாள். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல், ஆணி எடுத்துக் கொடுத்தார்.]

எல்லைக்கல்லின் மேலேயே தாலி கட்டினான். [சினிமா.]

இன்னொன்றும் தோன்றியது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மார்ச் மாதம் முழுக்க வேலாயுதம் கடையில் நாலு வண்ணக் கொடி தைத்துத் தள்ளினார். அந்தக் கொடி ஒன்றை இருவரும் ஆட்டுமலை உச்சியில் ஏற்றுகிற மாதிரி முடித்தால்? எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"அந்தக் காத்துக்குத் தையல் நிக்காது மிஸ்," என்றார்.

அவ்வளவுதான், அதுவும் போயிற்று. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் கிளம்புங்கள். அந்த இடத்திலேயே போய் நின்று காட்டுங்கள்," என்றேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை ஏறினோம். கரும்புக் காட்டைத் தாண்டி, வயலில் பொறுக்கிக் குவித்த கருங்கல் மேடுகளைத் தாண்டி, கொய்யாக் காட்டுக்குள் நுழைந்ததுமே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அமிர்தத்துக்கு ஐம்பது வயசு. நடக்கிற நடையிலேயே பழம் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் இரண்டு கொடுத்துக்கொண்டு, "அலே, மிஸ், அலே" என்று விரட்டினாள். வேலாயுதம் எனக்குப் பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் தன் காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, காற்றுக்கு முதுகைக் காட்டி வளைந்து நின்றன. குரங்கு ஒன்று எங்களைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனது. முகட்டுக்கு வந்ததும் தெற்குக் கடல் முழுதும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. கீழே கரும்பு, அதற்கு நடுவே கோபுரம், ஆலைப் புகைபோக்கி, மாதாகோயில், தகரக் கூரைகள். இதையெல்லாம் நட்டு, வெட்டி, கட்டியவர்கள் என் ஆட்கள்தான் என்று தோன்றியது. பதினாறு வருடமாக இந்தத் தீவில் இருக்கிறேன். 'என் ஆட்கள்' என்று நான் நினைத்தது அப்போதுதான். நெஞ்சு நிறைந்துவிட்டது, வேறெப்படிச் சொல்வது.

"சரி, நில்லுங்கள்," என்றேன்.

அமிர்தம் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், இந்தப் பக்கத்தில். வேலாயுதம் செருப்பைக் கழற்றி வைத்தார். கல்லைத் தாண்டி, பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவிக் கீழே இறங்கினார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அடியில் போய் நின்று, கண்ணை மூடி, பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மிஸ்? இறங்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஏறத் தெரியாதா?" என்றாள் அமிர்தம்.

"முப்பது வருஷம் உன்கூட இருந்து பழகினது. அன்னைக்கு எனக்கு இது தெரியாது," என்று கீழேயிருந்து பதில் வந்தது.

இருவரும் நின்ற இடம் சரி. அதில் ஒரு விரற்கடை வித்தியாசம் இல்லை. "இப்போது நடந்தது நடந்தபடி செய்து காட்டுங்கள்," என்றேன்.

யாரும் அசையவில்லை.

அவள் அன்றைக்குத் தாண்டவில்லை என்கிறாள். ஆகவே தாண்ட மாட்டாள். அவர் அன்றைக்கு ஏறவில்லை என்கிறார். ஆகவே ஏற மாட்டார். அவர் ஏறட்டும் என்று அவள் காத்திருக்கிறாள், அவள் வரட்டும் என்று அவர் காத்திருக்கிறார். காற்று அவள் சேலையைப் பிய்த்தெடுக்கிறது. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "ஏறி வா," என்கிறாள். "நீ வந்துதான் கூட்டிப்போன," என்கிறார். "பிடிவாதம்," என்கிறாள். "உன்கிட்டக் கத்துக்கிட்டது," என்கிறார்.

கடல் பக்கமிருந்து மழை வருகிறது. வெள்ளையாக ஓடைப் பள்ளத்தில் ஏறி வருவது தெரிகிறது. நனைந்தால் அந்தப் பாறை வழுக்கும். மழை வருவதற்குள் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுக்கிறவர், மற்றவருக்காக இத்தனை நாள் காத்த பெருமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வேண்டும். அதைப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கதை எழுதுகிறவள்தான், இருந்தாலும் புருஷன் பெண்டாட்டி நடுவில் எவ்வளவு நேரம் நிற்பது.

நான் குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே இறங்க ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். மேலே திட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. வாசிக்கிற நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள், யார் அசைந்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்ல வேண்டாம்.